ஏரித்துக்கு ஏன் உயிர் வரவில்லை?

வீடியோ கேம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் இருங்கள். இது பொத்தானை அழுத்தி ஆளைச் சுட்டுத் தள்ளுகிற சமாச்சாரம் இல்லை. 1997-ல் வந்த ஒரு கதை. பழைய சினிமாவுக்கும் பழைய நாவலுக்கும் விமரிசனம் எழுதினால் படிக்கிறீர்கள். உலகம் பூரா ஒரு கோடிக்கு மேல் விற்று, ஆளுக்கு 35, 40 மணி நேரம் வாங்கிக்கொண்டு, ஓரிடத்தில் பலரைக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வைத்த ஒன்றை ‘பசங்க விளையாட்டு’ என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதே சமயம், ‘ஆஹா, ஓஹோ, அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று உருகுவதும் விமரிசனமில்லை. எது நன்றாக இருக்கிறது, எது சகிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின் பெயர் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’. ஜப்பானின் ஸ்கொயர் கம்பெனி, சோனியின் ப்ளேஸ்டேஷனுக்காகச் செய்தது. 1997 ஜனவரி 31-ல் ஜப்பானில் வெளியாயிற்று, அதே செப்டம்பரில் அமெரிக்காவில். தயாரிப்பாளர் ஹிரோனோபு சகாகுச்சி. இயக்கியவர் யோஷினோரி கிடாசே. பாத்திரங்களை வரைந்தவர் டெட்சுயா நொமுரா. இசை நொபுவோ உயேமாட்சு. ‘ஃபைனல்’ என்று பெயர் வைத்துவிட்டு ஏழாவது எப்படி வரும் என்று கேட்காதீர்கள். 2023-ல் பதினாறாவதே வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால் முந்தையதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. கதையின் முக்கியமான முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பற்றிப் பேச முடியாது. அவிழ்த்துவிடுவேன்.

முதலில், ஆர்.பி.ஜி. என்கிறார்களே, ரோல்-ப்ளேயிங் கேம், அது என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று ஓர் ஆட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நீ மந்திரவாதி, நான் போர்வீரன் என்று வேஷம் பிரித்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது. கம்ப்யூட்டர் வந்ததும் பகடை உருட்டும் வேலையை அதனிடம் ஒப்படைத்தார்கள். ஜப்பானில் 1986-ல் யூஜி ஹோரி ‘டிராகன் குவெஸ்ட்’ மூலம் அதை டி.வி.யில் மாட்டி ஆடும் கன்சோலுக்குக் கொண்டுவந்தார். மறு வருஷம் சகாகுச்சியின் முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’.

இதிலெல்லாம் இலக்கணம் ஒன்றுதான். சின்னக் கூட்டம் ஒன்று ஊர் ஊராகப் போகும். வழியில் சண்டை. சண்டை போடப் போட அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளி சேர்ந்தால் பலம் கூடும். உடம்பில் உயிர் எவ்வளவு பாக்கி என்பது ஓர் எண்ணாகத் தெரியும். அது பூஜ்யமானால் ஆள் விழுந்துவிடுவான். விழுந்தவனை எழுப்ப மருந்து உண்டு. இந்த வரிசையில் அந்த மருந்துக்குப் பெயர் ‘பீனிக்ஸ் டவுன்’, பீனிக்ஸ் பறவையின் மெல்லிறகு. கடையில் விற்கும். இந்த இறகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கிறது.

ஏழாவது ஏன் இவ்வளவு பேசப்பட்டது? ஒரு காரணம் வெறும் சாமான் சம்பந்தப்பட்டது. முதல் ஆறு பாகங்களையும் ஸ்கொயர் நின்டெண்டோவின் கன்சோல்களுக்குத்தான் செய்தது. நின்டெண்டோ அடுத்த மெஷினிலும் கார்ட்ரிட்ஜை விடமாட்டேன் என்றது. கார்ட்ரிட்ஜில் இடம் குறைவு, விலை அதிகம். சோனியின் ப்ளேஸ்டேஷனில் சி.டி. ஒரு சி.டி.யில் சுமார் 650 மெகாபைட். ஸ்கொயர் கட்சி மாறியது. ஒன்று போதாமல் மூன்று சி.டி.யில் இந்த ஆட்டத்தை நிரப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். நடுநடுவே சினிமா மாதிரி ஓடும் காட்சிகள் வேறு. நம் பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ப்ளேஸ்டேஷன் சி.டி. தேடி அலைந்தவர்களுக்கு, உறைக்குள் மூன்று தட்டு இருந்தால் அது பெரிய விஷயம் என்று தெரியும்.

சரி, கதை. மிட்கார் என்று ஒரு ராட்சச நகரம். தூண்களின் மேல் பிரம்மாண்டமான இரும்புத் தட்டுகளைப் பரப்பி, வசதியானவர்கள் மேலே இருக்கிறார்கள். கீழே குப்பையும் குடிசையும். கீழே இருப்பவனுக்கு வானம் கிடையாது, அண்ணாந்தால் தட்டின் அடிப்பக்கம்தான். நகரை நடத்துவது அரசாங்கம் இல்லை, ஷின்ரா என்ற மின்சாரக் கம்பெனி. எட்டு உலைகளை வைத்து பூமிக்குள்ளிருந்து ‘மாக்கோ’ என்ற சக்தியை உறிஞ்சுகிறது. மாக்கோ என்பது என்ன? செத்துப்போன உயிர்களெல்லாம் பூமிக்குள் போய்ச் சேரும் ஆறு. அதாவது முன்னோர்களை எரித்து லைட் போடுகிறார்கள்.

இதை எதிர்த்துக் குண்டு வைக்கும் ஒரு சின்னக் கோஷ்டி. அதன் தலைவர் பாரெட், கையில்லாத இடத்தில் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டவர். அவருக்குக் கூலிக்கு வேலை செய்ய வரும் க்ளவுட்தான் நீங்கள். ஆட்டம் தொடங்கியதுமே ஓர் உலையைத் தகர்க்கிறீர்கள்.

மற்ற ஆட்டங்கள் இங்கே ஒரு ‘சபாஷ்’ போட்டு நகர்ந்துவிடும். இது நகரவில்லை. ரொம்பத் தூரம் போனபிறகு கூட்டத்தில் ஒருவர் பாரெட்டைப் பார்த்து, அந்த முதல் உலை வெடித்தபோது செத்தார்களே ஜனங்கள், அவர்கள் கணக்கு என்ன என்று கேட்கிறார். பாரெட்டிடம் நல்ல பதில் இல்லை. அவருடைய சொந்த ஊர் கோரல் ஒரு நிலக்கரி ஊர். அங்கே ஷின்ராவின் உலை வரட்டும் என்று வாதாடியவரே அவர்தான். பின்னால் அந்த ஊரை ஷின்ரா எரித்துவிட்டது. அவருடைய கோபத்தில் பாதி தன்மேல். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலத்தையும், சேலத்தின் மேக்னசைட் சுரங்கங்களையும் பார்த்தவர்களுக்கு இந்த பாரெட்டைப் புரியும். மலையைத் தோண்டாதே என்கிறவனுக்கும் வேலை வேண்டும் என்கிறவனுக்கும் நடுவில் ஊர் எப்படி இரண்டுபடும் என்பதை ஒரு வீடியோ கேம் இவ்வளவு நேர்மையாகச் சொன்னது எனக்கு ஆச்சரியம். இது முதல் பலம்.

இரண்டாவது பலம், க்ளவுட். ‘நான் சோல்ஜர் படையில் முதல் வகுப்பு’ என்று பீற்றிக்கொண்டு வருகிறான். தன் பழைய கதையை விலாவாரியாகச் சொல்கிறான். அந்தக் கதைக்குள்ளேயும் நீங்கள் நடந்து போகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள். பல மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது, அதில் பாதி பொய். வேணுமென்று சொன்ன பொய் இல்லை. நொறுங்கிப்போன மனசு, ஜாக் என்ற செத்துப்போன சிநேகிதனின் நினைவுகளை எடுத்துத் தன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் முதல் வகுப்பும் இல்லை, இரண்டாம் வகுப்பும் இல்லை. சாதாரணக் காவல் சிப்பாய்.

நாவலில் இப்படிப் பொய் சொல்லும் கதைசொல்லிகள் நிறைய உண்டு. ஆனால் அங்கே பொய் சொன்னவன் வேறு, படிக்கிற நீங்கள் வேறு. இங்கே அந்தப் பொய்யை நடத்திக் காட்டியது உங்கள் கட்டைவிரல். வேஷம் கட்டி ஆடும் ஆட்டத்தில், ‘கதாநாயகனே வேஷம்தான் கட்டியிருக்கிறான்’ என்று சொல்வது இந்த வடிவத்தால் மட்டுமே முடிகிற காரியம்.

பாராட்டு போதும். இனி குறைகள். மே மாசம் குப்பனூரில் அக்கா வீட்டில் நாலு நாள் இருந்தேன். அக்கா பையனுக்கு 14 வயசு. அவனோடு இதை முதல் சி.டி. முடிகிற இடம்வரை ஆடினேன். (அவன் ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தான்.) குறைகளைக் கண்டுபிடிக்கப் பழைய ரசிகனை நம்பக்கூடாது, பதினாலு வயசைத்தான் நம்ப வேண்டும்.

அவனுடைய முதல் புகார் சண்டை. இந்த ஆட்டத்தில் எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான். நடந்துகொண்டே இருப்பீர்கள், திடீரென்று திரை சுழலும், சண்டைக் களம் வரும். அடித்து முடித்து, புள்ளி வாங்கி, திரும்பி வந்து பத்தடி வைத்தால் மறுபடி திரை சுழலும்.

“எங்க போறோம்னே மறந்துபோச்சு மாமா” என்றான்.

அவன் சொன்னது சரி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு பாதை. அடிவாரம் வழியாகப் போகிற மெயின் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. அயோத்தியாப்பட்டணம் பக்கம் போய், இந்தக் குப்பனூரில் மலையேறுவது இன்னொன்று, கொஞ்சம் சுற்று. எந்தப் பாதையானாலும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு செக்போஸ்ட் போட்டு, வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? மேலே போய்ச் சேரும்போது ஏரியைப் பார்க்கும் ஆசையே போய்விடும். இந்த ஆட்டத்தில் சில குகைகள் அப்படி.

இரண்டாவது, படாடோபம். சண்டையில் தெய்வங்களை வரவழைக்கலாம். பதின்மூன்று வீரர்கள் வரிசையாக வந்து வெட்டும் ஒரு மந்திரம் இருக்கிறது, முழுசாக ஓடி முடிய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை வாயைப் பிளந்து பார்ப்பீர்கள். பத்தாவது தடவை எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

மூன்றாவது, மட்டீரியா. வண்ண வண்ணக் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். கத்தியின் துளையில் பதித்தால் மந்திர சக்தி வரும். எந்தக் குண்டை எதோடு ஜோடி சேர்ப்பது என்று மண்டையைக் குடைவது சுகமான வேலைதான். ஆனால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பதித்துக்கொள்ளலாம். பாரெட்டும் வைத்தியம் பார்ப்பார், பூக்காரப் பெண்ணும் இடி இறக்குவாள். கதையில் ஒன்பது பேரும் ஒன்பது விதம், சண்டையில் ஏறத்தாழ ஒரே அச்சு. கதை எழுதியவரும் சண்டை வகுத்தவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கலாம்.

நான்காவது, ஆங்கிலம். ஜப்பானிய மூலத்தின் மலையளவு வசனத்தை ஆங்கிலமாக்கும் வேலை பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில் விழுந்தது. அவரைக் குறை சொல்வது பாவம். ஆனால் விளைவு விளைவுதான். ஒருமை பன்மை தடுமாறும் ஒரு வாக்கியம் இன்றைக்கும் உலகப் புகழோடு கேலி செய்யப்படுகிறது. முக்கியமான பெண்ணின் பெயரே 1997-ல் ‘ஏரிஸ்’ என்று வந்து, பிற்பாடுதான் ‘ஏரித்’ என்று திருந்தியது. க்ளவுடின் மனசுக்குள் நடக்கிற சிக்கலான பகுதிகளில், குழப்பம் அவனுடையதா, மொழிபெயர்ப்பினுடையதா என்று சொல்ல முடியவில்லை.

ஐந்தாவது, உருவம். ஓவியமாகத் தீட்டிய பின்னணிகள் இன்றும் அழகு. அதில் நடமாடும் ஆட்களோ தீப்பெட்டிகளை அடுக்கிச் செய்த மாதிரி இருக்கிறார்கள். வாயே கிடையாது. அழ வேண்டுமானால் தலையைக் குனிய வேண்டும், கோபம் வந்தால் கையைக் காலை ஆட்ட வேண்டும். இதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. பொம்மலாட்டத்தில் பொம்மைக்கு முகம் அசைகிறதா என்ன?

இந்தப் பட்டியலோடு ஆட்டத்தைக் கட்டிப் பரணில் போட்டிருக்கலாம், ஏரித் இல்லாவிட்டால்.

ஏரித், மிட்காரின் குடிசைப் பகுதியில் பூ விற்கிறவள். தட்டுக்குக் கீழே எதுவும் முளைக்காத மண்ணில், இடிந்த ஒரு சர்ச்சுக்குள் மட்டும் அவள் கையில் பூ பூக்கிறது. வாயாடி. க்ளவுடைச் சதா கிண்டல் பண்ணுகிறாள். சண்டையில் அவள்தான் எல்லோருக்கும் மருந்து போடுகிறவள், ஆகவே அவளைக் கூடவே வைத்துக்கொள்வீர்கள். போதாததற்கு ஆட்டம் ஒரு திருட்டு வேலை செய்கிறது. யாரிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் மார்க் போட்டுக்கொண்டே வருகிறது. ஒரு ராத்திரி, கேளிக்கைப் பூங்காவில் க்ளவுடோடு ஊர் சுற்ற யார் வருவார்கள் என்பதை அந்த மார்க்தான் முடிவு பண்ணும். எல்லோரிடமும் சிடுசிடுத்தால் பாரெட் வந்து நிற்பார். ஏரித்துக்கு ஆரம்பத்திலேயே அதிக மார்க் கொடுத்து வைத்திருப்பதால் பெரும்பாலும் அவளே வருவாள்.

அதற்குக் கொஞ்ச நேரத்தில் அவள் தனியாகக் கிளம்பிப் போகிறாள், உலகத்தைக் காப்பாற்ற ஒரு பிரார்த்தனை செய்ய. தேடிப் போகிறீர்கள். தண்ணீருக்கு நடுவே ஒரு பழைய மேடை. அவள் மண்டியிட்டிருக்கிறாள். இங்கே உங்களிடம் பொத்தானை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அழுத்த அழுத்த, வில்லனின் வசியத்தில் இருக்கும் க்ளவுடின் கை வாளை ஓங்குகிறது, அவளுக்கு எதிராக. கூட வந்தவர்கள் கத்துகிறார்கள், நிற்கிறான். அவள் நிமிர்ந்து புன்னகைக்கிறாள். மேலிருந்து செஃபிரோத் இறங்குகிறான், அவன் வாள் அவளை ஊடுருவுகிறது. அவள் கூந்தலிலிருந்து ஒரு வெள்ளை மணி உருண்டு, படிப்படியாகத் துள்ளித் தண்ணீரில் விழுகிறது. அந்தச் சத்தத்தோடு பியானோ தொடங்குகிறது.

உடனே ஒரு ராட்சசனோடு சண்டை. வழக்கமாகச் சண்டை என்றால் தடதடவென்று ஓர் இசை வரும். இந்த ஒரு சண்டையில் வரவில்லை. ஏரித்தின் இசையே நிற்காமல் ஓடுகிறது. நீங்கள் அடிக்கிறீர்கள், மருந்து போடுகிறீர்கள், வழக்கமான எண்கள் திரையில் பறக்கின்றன, பின்னால் தாலாட்டு மாதிரி ஒன்று. உயேமாட்சு செய்ததிலேயே பெரிய காரியம், வழக்கமான இசையைப் போடாமல் விட்டதுதான் என்பேன்.

குப்பனூரில் பையன் அதுவரை காலை ஆட்டிக்கொண்டு ஆடினவன், நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மாமா, பீனிக்ஸ் டவுன் பன்னெண்டு இருக்கு. போடுங்க மாமா.”

போட முடியாது என்றேன்.

“ஏன்? பாரெட் எத்தனை தடவை செத்தான், போட்டோமில்ல?”

அவனுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து சீரியல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, அவனுக்கு அம்மாயி, “ஏஞ்சாமி, அந்தப் புள்ளைய தங்காள் எழுப்புன மாதிரி எழுப்ப முடியாதா?” என்றாள்.

அவள் கேட்டது அண்ணன்மார் கதையை. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: பொன்னர், சங்கர், தங்கை தங்காள். உடுக்கை அடித்துப் பல ராத்திரி பாடும் கதை. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1965-ல் கொங்கு நாட்டில் இதை முழுசாக ஒலிப்பதிவு செய்தார். கடைசியில் சகோதரர்கள் வீரப்பூர்க் காட்டில் மாண்டு கிடக்கிறார்கள். தங்காள் தேடிப் போய், தெய்வத்தின் துணையோடு தீர்த்தம் தெளித்து எழுப்புகிறாள். எழுகிறார்கள். கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். எங்கள் காலம் முடிந்தது அம்மா என்று திரும்பச் சாய்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் கதையைப் பாடும் இடங்களில் ‘படுகளம்’ என்று ஒரு சடங்கு உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் வந்து பிணம் போல் விழுவார்கள். தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புவார்கள். அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள், மறு வருஷமும் வருவார்கள். சடங்கில் விழுகிறவன் எழுந்தே ஆக வேண்டும், கதையில் விழுந்த அண்ணன்மார் நிலைத்து எழக்கூடாது. ஊர் ஜனங்களுக்கு இந்த இரண்டு சாவும் வேறு வேறு என்பதில் குழப்பமே கிடையாது. வேஷம் கட்டி ஆடுவதற்கு ஜப்பானையும் அமெரிக்காவையும் கேட்க வேண்டிய அவசியம் நமக்கு இருந்ததில்லை.

இந்த ஆட்டத்தின் முழு ரகசியமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதிலும் இரண்டு சாவு. ஒன்று, சண்டைச் சாவு. மலிவு. கடையில் இறகு வாங்கி எழுப்பிவிடலாம். இன்னொன்று, கதைச் சாவு. ஒரே ஒரு தடவை வருகிறது, எந்த இறகுக்கும் மசியாது. முதல் வகைச் சாவை நூறு தடவை செத்து, நூறு தடவை எழுந்து, அது கைக்குப் பழகிப்போன பிறகுதான் இரண்டாவது வருகிறது. ‘போடுங்க மாமா’ என்று அந்தப் பையன் கேட்டானே, சினிமாவில் கதாநாயகி சாகும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. அங்கே நம் கையில் மருந்து இல்லை. இங்கே பன்னிரண்டு இருக்கிறது.

அந்தக் காலத்தில் உலகம் பூராவும் ரசிகர்கள் அவளை எழுப்ப ஏதாவது ரகசிய வழி இருக்கும் என்று தேடித் தேடி அலைந்தார்கள். வதந்திகள் கிளம்பின. வழியே கிடையாது. செய்தவர்கள் தெரிந்தே அப்படி வைத்தார்கள். தியாகம், கடைசி வசனம் என்று எதுவும் இல்லாமல், நிஜத்தில் போல மரணம் திடீரென்று வந்து வெறுமையை மட்டும் விட்டுப்போக வேண்டும் என்று நினைத்ததாகக் கிடாசே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார். சகாகுச்சியின் தாயார், அவர் மூன்றாம் பாகத்தைச் செய்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். உயிர் என்றால் என்ன, போனபின் எங்கே போகிறது என்ற கேள்வி அப்போதிலிருந்து அவரை விடவில்லை. ஏழாவதில் அது பூமிக்குள் ஓடும் ஆறாக வந்திருக்கிறது.

இப்போது குறைகளுக்குத் திரும்பிப் போனால் ஒரு சங்கடம். முதல் குறையாகச் சொன்ன அந்த ஓயாத சண்டைகள்தான், அந்தச் சலிப்புதான், இந்த மரணத்துக்குப் பாரம் கொடுக்கிறது. அவளை உங்கள் பக்கத்தில் நிறுத்தி வைத்து மணிக்கணக்காக மருந்து போட வைத்தது அந்தச் சண்டைகள். அவை இல்லாவிட்டால் அவள் அழகாக வந்து போன ஒரு பாத்திரம், அவ்வளவே.

இதைச் சோதித்துப் பார்க்கவும் வசதி இருக்கிறது. இன்றைய கன்சோல்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் வந்திருக்கும் பதிப்பில் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டலாம். சண்டையே வராமல் அணைத்துவைக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. பையன் அதைக் கண்டுபிடித்து வழியெல்லாம் ஓட்டினான். நான் கூட இருந்தபோது விடவில்லை. அணைத்துவிட்டு ஆடினால் கதை தெளிவாகப் புரியும், ஏரித் சாகும்போது ‘அச்சச்சோ’ என்றிருக்கும். இறகை எடுக்கக் கை போகாது. பழகியிருந்தால்தானே போகும்?

அதற்காக எல்லாக் குறையையும் குணமாக்கிவிட மாட்டேன். சில குறைகள் வெறும் குறைகளே. இரண்டாவது சி.டி.யைப் போட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பனிச்சறுக்கு விளையாட வைக்கிறார்கள், ஜாலியான பாட்டோடு. எழவு வீட்டு வாசலில் ராட்டினம் போட்ட மாதிரி. பைக் ஓட்டம், பறவைப் பந்தயம், ராணுவ அணிவகுப்பு என்று இப்படிக் குட்டி விளையாட்டுகள் ஏகப்பட்டது. சி.டி.யில் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பியவை. மூன்றாவது சி.டி.யில் கடைசிக் குகையைத் தவிர அதிகம் இல்லை. பெண் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு காமுகன் மாளிகைக்குள் நுழையும் காட்சியின் நகைச்சுவை அன்றைக்கே சுமார், இன்றைக்கு நெளிய வைக்கிறது. இவை எதுவும் ஏரித்துக்குப் பாரம் சேர்க்கவில்லை. வெட்டியிருக்கலாம்.

குறைகளையெல்லாம் சரி செய்கிறோம் என்று அதே கம்பெனி கிளம்பியது. (ஸ்கொயர் 2003-ல் எனிக்ஸோடு இணைந்துவிட்டது.) 2020-ல் ‘ரீமேக்’, 2024-ல் ‘ரீபர்த்’, மூன்றாவது பாகத்தோடு முடிக்கத் திட்டம். முகங்கள் அசைகின்றன, குரல் இருக்கிறது, எதிரி கண்ணுக்குத் தெரிகிறான். தட்டுக்குக் கீழே வாழும் ஜனங்களுக்குப் பெயரும் வீடும் கிடைத்திருக்கிறது, முதல் உலை வெடித்தபின் தெருவில் என்ன ஆயிற்று என்று நடத்திக் காட்டுகிறார்கள். இதெல்லாம் மூலத்தைவிட மேல். ஆனால் மூலத்தில் ஐந்தாறு மணி நேரம் வரும் மிட்கார், இதில் முப்பது மணி நேரத்துக்கு மேல். சலிப்பை ஒரு பக்கம் துரத்திவிட்டு மறுபக்கம் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அதைவிட முக்கியம், ‘ரீபர்த்’தில் அந்த மேடைக் காட்சி. வாளைத் தடுத்தானா, தடுக்கவில்லையா, ஓர் உலகத்தில் பிழைத்தாளா என்று திரை மினுக் மினுக் என்று மாறுகிறது. பிறகும் க்ளவுடின் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிகிறாள். சாமர்த்தியம்தான். ஆனால் துக்கப்படுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. தீப்பெட்டிப் பொம்மைகளை வைத்து 1997-ல் தைரியமாகச் சொன்னதை, அத்தனை வசதியும் வந்தபின் மென்று முழுங்குகிறார்கள்.

என் தீர்ப்பு: கட்டமைப்பில் ஏகப்பட்ட ஓட்டை உள்ள, ஆனால் பெரிய படைப்பு. நூறு மார்க்குக்கு எழுபது. அந்த எழுபதுக்குள் இருப்பது வேறெந்தக் கலை வடிவத்தாலும் வாங்க முடியாத எழுபது.

தமிழில் இப்படி ஒன்று உண்டா? டொரான்டோவில் இருந்து விசை கேம்ஸ் 2023-ல் கொண்டுவந்த ‘வெண்பா’ இருக்கிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா சமைக்கிறாள், மகன் வளர்ந்து விலகுகிறான். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதை வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் நல்ல சிறுகதை. நாற்பது மணி நேர நாவல் இன்னும் வரவில்லை. இரண்டு வீரர்கள், ஒரு தங்கை, காட்டுப்பன்றி, குதிரை, வஞ்சம், எழுப்பியும் நிற்காத உயிர் என்று ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய அத்தனையும் வீரப்பூரில் தயாராகக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் படித்த கொங்குப் பிள்ளைகள் யோசிக்கலாம்.

ஆடிப்பார்க்கப் போகிறவர்களுக்கு மூன்று யோசனை. ஒன்று, 1997-ன் ஆட்டமே இன்றைய மெஷின்களுக்குக் கிடைக்கிறது, செல்போனில்கூட. அதை முதலில் ஆடிவிட்டுப் புதுசுக்குப் போங்கள். இரண்டு, முதல் சி.டி. முடிகிற இடம்வரை அந்த வேகப் பொத்தானைத் தொடாதீர்கள், ஏரித்தைக் கோஷ்டியை விட்டு இறக்காதீர்கள். அதன்பின் பனிச்சறுக்கு வரும்போது எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்று, முடிவைச் சொல்லிவிட்டானே என்று என்மேல் கோபப்படாதீர்கள். அண்ணன்மார் சாவார்கள் என்று தெரிந்துதான் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.